கணக்கில் வராத நான்கு கிராம்

அவர் முகம் எனக்குத் தெரியாது.
தினமும் காலை ஏழு மணிக்குப் பழுப்புக் கேனில் வருவார்,
ஒரு பகலும் ஓர் இரவும் சேர்த்துப் பிடித்த சிறுநீராக.
ஒட்டிய சீட்டில்: கார்ப்பினென், ஐமோ.
வயது அறுபத்து மூன்று. மூன்றாம் மாடி.
வாய்வழி எதுவும் இல்லை.

கயானி நகரத்து ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில்
நைட்ரஜன் எண்ணுகிறவள் நான்.
மேலே பையில் தொங்குவது வரவு.
கீழே என் மேசைக்கு வருவது செலவு.
இடையில் படுத்திருப்பவர்தான் இருப்பு.

குடலில் பாதிக்கு மேல் வெட்டியாயிற்று என்றாள்
கேன் தூக்கி வரும் துய்ரே.
பையில் லியூசின், வேலின், லைசின், இன்னும் பல;
மீனா இறைச்சியா என்று இனிப் பிரிக்க முடியாதபடி
உதிர்த்து உதிர்த்துத் தண்ணீராக்கிய சாப்பாடு.
பல்லுக்கு வேலையில்லை.
கழுத்தடி நரம்பு வழியே நேரே இதயத்தின் வாசலுக்கு.
நாக்குக்குத் தகவல் போகவில்லை.

முதல் நாள் வரவு பதின்மூன்று கிராம்.
செலவு இருபத்தொன்று.
அதோடு நான்கைக் கூட்டுவது எங்கள் வழக்கம்:
தோலுக்கும் நகத்துக்கும் மயிருக்கும் மலத்துக்கும்
யாரும் அளக்காத மற்றதுக்கும், குத்துமதிப்பாக.
ஆக, பன்னிரண்டு கிராம் பற்று.
சின்ன எண்தான்.
தசையாக மாற்றிப் பார்த்தால்
முந்நூற்று அறுபது கிராம்,
ஒரே நாளில்.

மரலாரி ஓட்டியவராம்.
சங்கிலி இறுக்கிய அந்தத் தோளிலிருந்துதான் எடுத்திருக்கும்.
காய்ச்சல் கண்ட உடம்புக்குப் பொறுமை கிடையாது.
அடுப்புக்கு விறகில்லை என்றால் உத்தரத்தை அறுக்கும்.
நாம் புதிதாகக் கொடுத்த உத்தரத்தையும்தான்.
அதனால்தான் பக்கத்திலேயே சர்க்கரையும்
பால்போல் வெளுத்த கொழுப்பும் தொங்குகின்றன,
இதை எரி, அதை விட்டுவிடு என்று கெஞ்ச.

நான்காம் நாள் வேகத்தைக் கூட்டினார்கள்.
குமட்டியது. குறைத்தார்கள்.

ஆறாம் நாள் ஜன்னலைத் திறக்கச் சொன்னாராம்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
பக்கத்துக் கட்டில்காரர் கம்பளிக்குள்ளிருந்தே சண்டைக்கு வந்தாராம்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அமினோ அமிலம் விருந்தாளி மாதிரி,
சும்மா வந்து உட்காராது, வீட்டையே எழுப்பும்.
கணையம் இன்சுலினை அனுப்பும், குளுகாகனையும் அனுப்பும்,
ஒரு கை பூட்ட, ஒரு கை திறக்க.
சிறுநீரகம் நடையை எட்டிப் போடும்.
கல்லீரல் மிஞ்சியதை யூரியாவாக்கி
என் பக்கம் தள்ளும்.
இத்தனை நடமாட்டத்தில் உடம்பு சுடாமல் என்ன செய்யும்?
கரண்டி தொடாமலே
உண்ட களைப்பு, உண்ட வெதுவெதுப்பு.

பத்தாம் நாள் கேன் கனம் குறைந்திருந்தது.
அன்று தாடி மழிக்கச் சொன்னாராம்.
தோள் கரைந்துகொண்டிருந்தபோதும்
தாடி தன்பாட்டுக்கு வளர்ந்திருக்கிறது.
அதுவும் புரதம்தான்.
"மழித்ததைக் கொண்டு வந்திருக்கலாமே,
எடை போட்டிருப்பேன்" என்றேன்.
விளையாட்டு என்று நினைத்தாள் துய்ரே.

பதினேழாம் நாள்.
வரவு பதினாறு. செலவு பதினொன்றும் நான்கும்.
இரண்டு முறை சரிபார்த்தேன்.
கூட்டல் ஒன்று.
முப்பது கிராம் ஐமோ,
அரை முட்டை எடை,
நேற்று உலகத்தில் இல்லாத ஐமோ.
யாரிடம் சொல்வது?
சென்ட்ரிஃபியூஜ் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் இரண்டு கரண்டி நீலபெர்ரிக் கஞ்சி கொடுத்தார்களாம்.
"ரொம்பத் தித்திப்பு" என்று முகத்தைச் சுளித்தாராம்.
அந்தச் சுளிப்புக்கு
என் தாளில் கட்டம் கிடையாது.

புதன்கிழமை கேன் வரவில்லை.
துய்ரே விடுப்பில் இருந்தாள்.
மாடிக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம்,
வீட்டுக்கா, வேறெங்குமா என்று.
எண்ணைப் பாதி அழுத்திவிட்டு வைத்துவிட்டேன்.

பதிவேட்டில் அவர் வரிசையில்
வரவு காலி, செலவு காலி.
கை பழக்கத்தில்
நான்கு என்று மட்டும் எழுதியிருக்கிறது.